மயிலாப்பூரில் பழைய வீடு ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது: ஒரு நிகழ்வு ஆய்வு

மயிலாப்பூரில் ஒரு திண்ணை வீடு இடிபட்டால் உடனே இரண்டு பேச்சு கிளம்பும். "நூறு வருஷத்து வீடு, இப்படிப் போச்சே" என்பது ஒன்று. "மழைக்கு ஒழுகற வீட்டில குடியிருந்து பார்த்தாத்தான் தெரியும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டின் தலைவிதியைத் தீர்மானிப்பவை இந்தப் பேச்சுக்குள் வருவதே இல்லை. பத்திரம் யார் பெயரில், வாரிசு எத்தனை பேர், வீடு நிற்கும் அடிமனை யாருடையது, கார் எங்கே நிற்கும், தெரு எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்பவைதான் அவை. பாரம்பரியப் பட்டியல் ஒன்று இருக்கிறது, நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இவையெல்லாம் இருந்தும் தெருக்கள் மாறிக்கொண்டே போவது ஏன் என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

எடுத்துக்கொண்ட பகுதி சின்னது: கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகள், வடக்கே கச்சேரி சாலை, தெற்கே சித்திரக்குளத்தைச் சுற்றிய தெருக்கள், இடையே பொன்னம்பல வாத்தியார் தெரு, பிச்சுப் பிள்ளை தெரு, நடுத்தெரு போன்றவை. சென்னையில் இதுபோன்ற பழைய குடியிருப்புகள் வேறும் உண்டு. திருவல்லிக்கேணி இருக்கிறது, ஜார்ஜ் டவுன் இருக்கிறது, 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களுக்கென்றே உருவாக்கிய சிந்தாதிரிப்பேட்டை இருக்கிறது. மயிலாப்பூரை எடுத்ததற்குக் காரணம், கோயில் நிலம், தனியார் மனை, காய்கறிக் கடைகள், பறக்கும் ரயில், வரப்போகும் மெட்ரோ எல்லாம் இங்கே நடந்துபோகும் தூரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதுதான்.

தெரு எப்படிக் கட்டப்பட்டது

மாட வீதிகளின் அகலத்தை நிர்ணயித்தது தேர். பங்குனித் திருவிழாவில் தேர் திரும்ப வேண்டும், அறுபத்துமூவர் பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். அதற்கு வேண்டிய அகலம் மாட வீதிகளுக்கு உண்டு, பின்னால் உள்ள தெருக்களுக்கு இல்லை. மனைகள் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறினால் திண்ணை, அப்புறம் ரேழி, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், அடுக்களை, கிணறு, கொல்லை. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகத்தான். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லாத மனையில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, மேலே தட்டு ஓடு பரப்புவார்கள். சுவர்ப் பூச்சும் சுண்ணாம்புதான். கடுக்காய், வெல்லம் ஊறவைத்த நீரைக் கலவைக்குச் சேர்ப்பது வழக்கம்.

இந்த வீடுகளில் ஒரு குடும்பம் மட்டும் வாழ்ந்த காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. வீட்டுக்காரர் முன்பக்கம் இருக்க, பின்பக்கமும் மாடியும் போர்ஷன்களாக வாடகைக்குப் போயின. ஒண்டுக்குடித்தனம் என்று சலிப்போடு சொன்னாலும், கோயில் பரிசாரகர், கல்யாணச் சமையலுக்குப் போகிறவர், பூக்கட்டுபவர், அச்சகத்தில் வேலை செய்பவர் எல்லாம் மாட வீதிக்குப் பக்கத்திலேயே குடியிருக்க முடிந்தது இந்தப் போர்ஷன்களால்தான். ஒரு வீடு இடிபட்டால் வீட்டுக்காரருக்குப் பங்கு உண்டு. போர்ஷன்காரருக்கு அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தாலே அதிர்ஷ்டம். எந்தப் பாரம்பரியக் கணக்கெடுப்பிலும் இவர்கள் வருவதில்லை. வாசல் தூணை எண்ணுகிறோம், உள்ளே எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ணுவதில்லை.

நாலு பேருக்கு ஒரு கிரவுண்டு

இப்போது கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக ஒரு மனை: வாசல் 20 அடி, ஆழம் 120 அடி. 2,400 சதுர அடி, சரியாக ஒரு கிரவுண்டு. தாத்தா கட்டிய வீடு, அப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகளும் பெண்களுமாக வாரிசு நாலு பேர். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு சட்டமானது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. நியாயமான மாற்றம், அதில் பேச்சே இல்லை. ஆனால் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அக்கா தங்கைகளை நம்பித்தான் பல வீடுகள் ஒரே கையில் இருந்தன என்பதும் உண்மை. இனி அந்த ஏற்பாட்டை யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

நாலு பேரில் ஒருவர் வீட்டில் இருக்கிறார். மற்ற மூவர் வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ. முற்றத்து வீட்டை நாலாகப் பிரிக்க முடியாது, பிரித்தால் ஒருவருக்குக் கிணறும் இன்னொருவருக்குத் திண்ணையும்தான் மிஞ்சும். வீட்டில் இருப்பவர் மற்ற மூவரின் பங்கை விலை கொடுத்து வாங்க வேண்டும். மனையின் விலை மயிலாப்பூர் விலை. அதற்கு வங்கிக்குப் போனால், கட்டடத்தின் மிச்ச ஆயுள் என்ன என்று கேட்பார்கள். புது ஃபிளாட்டுக்குக் கடன் சுலபமாகக் கிடைக்கும், நூறு வருடச் சுண்ணாம்பு வீட்டுக்கு மதிப்பீட்டாளர் எழுதும் ஆயுள் கடன் தவணைக் காலத்தைவிடக் குறைவாக இருக்கும். அங்கேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

அப்புறம் பில்டர் வருகிறார். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. ஆக, 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். தெரு அகலம் இருந்தால் பணம் கட்டி இன்னும் கூட்டலாம். பாதிக்குப் பாதி ஜாயின்ட் வென்ச்சர் என்றால் குடும்பத்துக்கு 2,400 சதுர அடி, தலைக்கு 600. மயிலாப்பூரில் 600 சதுர அடி ஃபிளாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு பேர் பணமாக வாங்கிக்கொள்கிறார்கள், ஒருவர் மேடவாக்கம் பக்கம் போகிறார், வீட்டிலேயே இருந்தவர் மட்டும் யாருடைய பங்கையாவது சேர்த்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறுகிறார். வீடு போனபின்னும் குடும்பத்துக்கு அதே தெருவில் நாலு வீடு கிடைப்பதில்லை என்பதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உணர்கிறார்கள்.

இதில் திண்ணையை நேரடியாகக் கொல்வது கார். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். 20 அடி என்பது ஆறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதில் மாடிப்படி, லிஃப்ட், வண்டி உள்ளே போகும் வழி எல்லாம் போனால் கார் திரும்ப இடம் இல்லை. பில்டர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுவார். இரண்டு மனை சேர்ந்து 40 அடி வாசல் ஆனால் கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங் ஆகிவிடும். பொதுச் சுவர் உள்ள தெருவில் ஒரு வீடு தனியாக விழுவதைவிட ஜோடியாக விழுவது அதிகம் என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தெருவில் நடந்து பாருங்கள்: பழைய வீட்டு வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், ஸ்டில்ட் வாசலில் இரும்பு கேட்டும் "நோ பார்க்கிங்" பலகையும் இருக்கும்.

பில்டரே வேண்டாம், நாமே இடித்துச் சின்னதாகக் கட்டிக்கொள்வோம் என்பவர்களுக்கும் வழி எளிதாகிவிட்டது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. லஞ்சமும் அலைச்சலும் குறைந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் மயிலாப்பூரின் ஒரு கிரவுண்டு மனை அச்சாக இந்த வரம்புக்குள் வந்து விழுகிறது. இந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று நின்று கேட்கும் ஒரு கண் முன்பு பெயரளவுக்காவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

அடிமனை என்னும் கவசம்

அப்படியானால் இன்னும் நிற்கும் வீடுகள் எப்படி நிற்கின்றன? வீட்டுக்காரரின் பற்று ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தெருக்களில் விசாரித்தால் அதிகம் காதில் விழும் காரணம் வேறு. "அடிமனை கோயிலுது சார்."

கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில் கட்டடம் குடியிருப்பவருடையது, நிலம் சுவாமியுடையது. குடியிருப்பவர் அடிமனை வாடகை கட்டுகிறார். 1921-இன் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், பிறர் நிலத்தில் கட்டடம் கட்டிக் குடியிருப்பவருக்கு அந்த நிலத்தையே விலைக்குக் கேட்கும் உரிமையைத் தந்தது. 1996-இல் வந்த திருத்தம் கோயில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து விலக்கிவிட்டது. அறநிலையத் துறையின் 1959-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 34-இன்படி, கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. இவற்றின் விளைவு என்ன? அடிமனை வீட்டை ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுக்க முடியாது, யூ.டி.எஸ். என்னும் ஃபிளாட்டோடு சேரும் நிலப் பங்கைப் பிரித்து விற்க முடியாது, வங்கிக் கடன் வாங்க முடியாது. பில்டர் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஆகவே, நகரின் எந்தப் பாரம்பரியக் கொள்கையும் செய்யாத வேலையை ஒரு நிலச் சிக்கல் செய்திருக்கிறது. பத்திரம் சுத்தமாக உள்ள வீடு முதலில் போகிறது. பத்திரம் சிக்கலான வீடு நிற்கிறது.

நிற்கிறது என்றால் நலமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தனக்கு நிலம் இல்லாத வீட்டில் லட்சக்கணக்கில் போட்டுக் கூரையை மாற்ற யாருக்கு மனம் வரும்? நியாய வாடகை என்று பிரிவு 34-ஏ-யின்படி வாடகை உயர்ந்தால், அந்தப் பணம் கோயிலுக்குப் போகும், வீட்டுக்கு வராது. கட்டட அனுமதிக்குக் கோயிலின் தடையின்மைச் சான்று வேண்டும் என்பதால் பெரிய பழுதுபார்ப்பைத் தள்ளிப் போடுவார்கள். ஓட்டை விழும், ஒட்டுப் போடுவார்கள். ஒரு நாள் மழைக்காலத்துக்கு முன் 'பழுதடைந்த கட்டடம்' என்று மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டும். அடிமனை வீடு பில்டரிடமிருந்து தப்பிக்கிறது, ஈரத்திடமிருந்து தப்பிப்பதில்லை.

வாடகைச் சட்டமும் இதே மாதிரி இரட்டை வேலை செய்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பழைய வாடகைதாரரைக் கிளப்புவது பெரும்பாடு, வாடகையும் உயராது. வீடு விற்பனைக்கு லாயக்கில்லாமல் நின்றது, பராமரிக்கவும் வரும்படி இல்லை. இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொல்வது காலி செய்ய வைக்கும் வழிகளில் ஒன்று என்பதால், பழுது பார்க்க நினைத்தவரைக்கூட அந்தச் சட்டம் இடிக்கும் பக்கமாகத் தள்ளியது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. போர்ஷன்கள் காலியாவது இனி வேகமாகத்தான் இருக்கும்.

ஈரம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். காரணம், வீடுகள் உண்மையில் பாழாவது இங்கேதான்.

சென்னையில் சாலை போடுவது என்றால் நெடுங்காலம் பழைய தாரின்மேல் புதுத் தாரைக் கொட்டுவதுதான். ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏறும். படியேறிப் போன திண்ணைக்கு இப்போது சமமாகத் தெரு இருக்கிறது. சில வீடுகளில் தெருவிலிருந்து இறங்கித்தான் ரேழிக்குப் போக வேண்டும். நல்ல மழையில் முற்றத்து நீர் வெளியே போவதற்குப் பதில் தெரு நீர் முற்றத்துக்கு வருகிறது. 2021-இல் தலைமைச் செயலரே பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. ஏற்கெனவே ஏறிய தெருவை அது இறக்காது.

கீழிருந்து வரும் ஈரத்தைச் சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சும், காற்றில் விடும். அது அந்தச் சுவரின் இயல்பு. அடியில் பூச்சு உதிர்வதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுகிறார். கொத்தனாருக்குத் தெரிந்தது சிமெண்ட். இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்துவிடுவார். ஒரு வருடம் பளிச்சென்று இருக்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே ஏறும். உப்புப் பூக்கும். அடுத்த வருடம் சிமெண்ட் பூச்சை நெஞ்சளவுக்கு உயர்த்துவார்கள். இப்படியே ஈரம் உத்திரத்தின் முனை சுவருக்குள் புகும் இடம்வரை போய்ச் சேரும். மெட்ராஸ் டெரஸின் மிகப் பலவீனமான இடம் அந்த முனைதான். வெளியே தெரியும் தேக்கு இரும்பு மாதிரி இருக்கும், சுவருக்குள் இருக்கும் அரை அடி மக்கிப் போயிருக்கும். மேலே ஒழுகலுக்கு மருந்தாகக் கான்கிரீட்டும் வெள்ளை ஓடும் போட்டிருந்தால் பாரமும் சேர்ந்துகொள்ளும்.

சரியான வைத்தியம் இருக்கிறது. சவுக்கு முட்டுக் கொடுத்து, உத்திரங்களை ஒவ்வொன்றாக மாற்றலாம். முனை மட்டும் போயிருந்தால் ஒட்டுப் போடலாம். சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசலாம். ஆனால் சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து அரைக்க வேண்டும், பூச்சு காய அவசரப்படுத்தக் கூடாது. நாள்கூலிக் கணக்கில் வேலை செய்யும் ஆளுக்கு இது கட்டுப்படியாகாது. இந்த வேலை தெரிந்தவர்கள் பெரிய பெரிய அரசுக் கட்டடங்களின் புதுப்பித்தலுக்குப் போய்விடுகிறார்கள். ஒற்றை வீட்டுக்காரர் கூப்பிட்டால் வருவது சிமெண்ட் கொத்தனார்தான். வீட்டை இடிப்பதற்கோ ஆள் வாசலிலேயே நிற்கிறார். தேக்குக் கதவு, தூண், உத்திரம், கிரில் எல்லாவற்றுக்கும் விலை பேசி, இடிப்புக் கூலி போக மீதிப் பணத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பழுதுபார்த்தால் செலவு, இடித்தால் வரவு. இந்த நிலையை மாற்றாமல் வீட்டுக்காரரிடம் பெருமிதம் பேசிப் பயனில்லை.

பட்டியல் என்ன செய்தது

சென்னையின் பாரம்பரியச் சட்டப் பேச்சு வேகம் பிடித்தது அண்ணா சாலையில். 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்புக்குத் தடை சொன்னதோடு, நீதிபதி பத்மநாபன் குழு தந்த 467 கட்டடங்களின் பட்டியலைப் பாதுகாக்க ஒரு பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கவும் வழி செய்தது. அந்தக் குழு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் அமைந்தது. 2012-இல் சட்டமன்றம் மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது, அது நடைமுறைக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது.

அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் இன்னும் பல கட்டடங்கள் போயிருக்கும். ஆனால் அது கட்டடம் கட்டடமாகப் பார்க்கும் பட்டியல். கோபுரம், குவிமாடம், சிவப்புச் செங்கல், பெரிய வளாகம் இவற்றுக்கு அது பொருந்தும். சித்திரக்குளத் தெருவில் ஒரு வீட்டைத் தனியாக எடுத்தால் அதில் கட்டடக்கலை அதிசயம் ஒன்றும் இருக்காது. பன்னிரண்டு வீடுகள் ஒரே உயரத்தில், ஒரே திண்ணை வரிசையில் நிற்பதுதான் அங்கே மதிப்பு. நடுவில் ஒன்று போனாலே வரிசை போச்சு. தொல்லியல் துறையின் 100 மீட்டர் தடையும் இங்கே உதவாது. 2010 திருத்தத்தின்படி அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு உரியது, கபாலீசுவரர் கோயிலோ அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் வழிபாட்டில் உள்ள கோயில். அந்த 100 மீட்டர் விதி இங்கே வராதது நல்லது என்றே சொல்வேன். கழிப்பறை கட்டவும் டெல்லி அனுமதி கேட்க வேண்டிய நிலையில் யாரும் குடியிருக்க மாட்டார்கள்.

மெட்ரோ

மயிலாப்பூருக்கு ரயில் புதிதல்ல. 1997-இல் பறக்கும் ரயில் திருமயிலை வரை வந்தது, பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டுக்கொண்டு. இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சந்திக்கின்றன. சுமார் 35 மீட்டர் ஆழம். கச்சேரி சாலையிலும் நிலத்தடி நிலையம் வருகிறது. சுரங்கம் தோண்டும்போது அதிர்வு, மண் தாழ்வு பற்றிய பயம் பழைய வீட்டுக்காரர்களுக்கு இருப்பது இயல்பு. என் கவலை வேலை முடிந்த பிறகு வருவது பற்றியது. மெட்ரோ நிலையத்தைச் சுற்றி அடர்த்தியைக் கூட்டுவது நகரத் திட்டமிடலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கொள்கை. பொதுப் போக்குவரத்துக்குப் பக்கத்தில் அதிகம் பேர் வாழ்வது நல்லதுதான். ஆனால் இந்தப் போர்ஷன் வீடுகள் ஏற்கெனவே அடர்த்தியானவை. ஒரு கிரவுண்டில் ஐந்து குடித்தனம் இருந்த இடத்தில் நாலு ஃபிளாட்டும் நாலு காரும் வந்தால் கூடியிருப்பது சதுர அடி, ஆள் அல்ல. நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய வீட்டுக்குக் கட்டாயக் கார் நிறுத்துமிடம் கேட்பதும் மெட்ரோவின் நோக்கத்துக்கே எதிரானது.

புதுச்சேரியில் செய்து பார்த்தது

திண்ணை, முற்றம், சுண்ணாம்பு எல்லாம் உள்ள இன்னொரு ஊர் 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வைசியாள் தெருவை 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய உதவித் திட்டம் ஒன்றின் கீழ் இன்டாக் எடுத்துச் செய்தது. ஒரு தெருவை முழுத் தெருவாகப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் செலவில் ஒரு பகுதியைப் போட்டால் திட்டம் ஒரு பகுதியைத் தந்தது, கூடவே வேலை தெரிந்த ஆளையும் வரைபடத்தையும் தந்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

இதில் சென்னை எடுத்துக்கொள்ள வேண்டியது விருதை அல்ல, பாதிச் செலவு என்ற ஏற்பாட்டை. முழுச் செலவையும் அரசு தரும் என்றால் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், எதுவும் தராது என்றால் பில்டரைத் தேடுவார். ஆனால் புதுச்சேரியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே மீட்ட வீடுகளில் எத்தனையோ விடுதிகளாகவும் கஃபேக்களாகவும் மாறிவிட்டன. வாசல் பிழைத்தது, குடித்தனம் போனது. மயிலாப்பூரில் கூட்டம் ஏற்கெனவே உண்டு, மாட வீதியில் ஒரு திண்ணைக்குக் கடை வாடகை என்ன என்று கேட்டாலே தெரியும். பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வைக்காமல் முகப்புக்கு மட்டும் பணம் கொடுத்தால் நடப்பது அதுதான்.

அகமதாபாத்தில் 2017-இல் பழைய நகரம் முழுவதும் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே பழைய வீட்டுக்காரர் தன் மனையில் பயன்படுத்தாத கட்டட உரிமையை வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்க வழி வைத்திருக்கிறார்கள். சென்னையில் டி.டி.ஆர். (இப்படி மாற்றி விற்கக்கூடிய கட்டட உரிமை) என்றால் சாலை அகலப்படுத்தலுக்கு நிலம் கொடுத்தவர்தான் நினைவுக்கு வருவார். நாலு வாரிசு கணக்குக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை: மேலே கட்டாத 2,000, 3,000 சதுர அடி உரிமையை விற்ற பணத்தில் மூன்று பேருக்குப் பங்கு கொடுத்துவிட்டு நாலாமவர் வீட்டில் இருக்கலாம்.

யாருடைய வீடு பாரம்பரியம்

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அக்கிரகாரத் தெருக்கள் எல்லோருக்குமாகக் கட்டப்பட்டவை அல்ல. கொல்லைப்புறச் சந்து எதற்காக இருந்தது, அதில் யார் வந்து எதை அள்ளிக்கொண்டு போனார்கள் என்பதும் இந்தக் கட்டடக்கலையின் பகுதிதான். சென்னை அதைத் திண்ணைப் படங்களில் காட்டுவதில்லை. கோயிலிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் நொச்சிக்குப்பம். அங்கேயும் பல தலைமுறையாகக் குடியிருப்பு உண்டு, கடலோடு பிணைந்த தொழில் உண்டு. அந்தக் குடியிருப்புகள் புதுப்பித்தல் என்ற பெயரில் வாரிய அடுக்குமாடிகளாக மாறியபோது யாரும் பாரம்பரியம் என்று பேசவில்லை. 2023-இல் கடற்கரையை ஒட்டிய லூப் சாலை ஓர மீன் கடைகளை அகற்றிய போதுதான் அப்படி ஒரு ஊர் அங்கே இருப்பதே பலருக்குத் தெரிந்தது.

இதைச் சொல்வது அக்கிரகார வீடு இடிந்தால் இடியட்டும் என்பதற்காக அல்ல. எதைக் காக்கிறோம் என்ற விடையைத் தேக்குத் தூணில் தேடினால் குப்பமும் போர்ஷனும் வெளியே நிற்கும். இந்தத் தெருவில் இத்தனை காலம் குடியிருந்தவர் தொடர்ந்து குடியிருக்க முடிகிறதா என்று கேட்டால் மூன்றும் ஒரே கேள்விக்குள் வந்துவிடும்.

எங்கே எழுத வேண்டும்

சி.எம்.டி.ஏ. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரித்து வருகிறது. பாரம்பரியத்துக்கு அதில் தனி அத்தியாயம் இருக்கும், அழகான படங்களும் இருக்கும். என் கவலை மற்ற அத்தியாயங்களைப் பற்றியது.

கார் நிறுத்துமிட விதியில் ஒரு வரி வேண்டும்: பொதுச் சுவர் உள்ள தொடர் கட்டடத் தெருக்களில், பழைய தரைத்தளத்தை வைத்துக்கொண்டு பின்னாலோ மேலேயோ கட்டுபவருக்குக் கார் கட்டாயம் இல்லை. இது ஒன்றே ஜோடி வீடு விழுவதைக் கணிசமாகக் குறைக்கும் என்று நம்புகிறேன். முன்கட்டு அப்படியே, பின்கட்டில் இரண்டு மாடி என்றால் குடும்பத்துக்குக் கூடுதல் இடமும் கிடைக்கும், தெருவுக்குத் திண்ணையும் மிஞ்சும். சுயசான்று படிவத்தில் இன்னொரு கேள்வி: மனையில் இப்போதுள்ள கட்டடம் சுண்ணாம்புக் கட்டடமா? ஆம் என்றால் உடனடி அனுமதி நிற்கட்டும், முப்பது நாளுக்குள் ஒருவர் வந்து பார்க்கட்டும். அந்த முப்பது நாளில் டி.டி.ஆர்., பாதிச் செலவு உதவி இரண்டையும் வீட்டுக்காரர் முன் வைக்க வேண்டும். வைக்க ஒன்றும் இல்லாவிட்டால் முப்பத்தோராம் நாள் அனுமதி கொடுத்துவிடுவதே நேர்மை.

அடிமனைக்கு அறநிலையத் துறைதான் கதவு. நிலத்தை விற்கச் சொல்லவில்லை, அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். பழுதுபார்ப்புக்குத் தடையின்மைச் சான்றை விரைவாகத் தரலாம். ஆணையர் அனுமதியோடு நீண்ட குத்தகை தரலாம், அதில் வீட்டைச் சுண்ணாம்பு முறையில் பராமரிக்க வேண்டும், குடியிருப்பாகவே வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதலாம். குடியிருப்பவர் செய்த பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பங்கை அடிமனை வாடகையில் கழித்துக்கொடுக்கலாம். கோயிலுக்கு நிலமும் வாடகையும் அப்படியே இருக்கும், மாட வீதியும் மாட வீதியாக இருக்கும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை, பிரிவு 34-லேயே இடம் இருக்கிறது.

கொத்தனார் விஷயம் இதைவிடச் சிறியது, ஆனால் முதலில் தொடங்க வேண்டியது. அரசுக் கட்டடங்களைச் சுண்ணாம்பில் புதுப்பிக்கும் ஒப்பந்தங்களில், பக்கத்துத் தெருக்களிலிருந்து இத்தனை பேரைச் சேர்த்து வேலை பழக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். அரைத்த சுண்ணாம்பு மூட்டையாக, சிமெண்ட் கிடைக்கும் கடையிலேயே கிடைக்க வேண்டும். மாநகராட்சி ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் ஒட்டும் நோட்டீஸின் கீழே, இந்த உத்திரத்தை மாற்றித்தரத் தெரிந்தவரின் தொலைபேசி எண் இருந்தால் அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு முதலில் இடிப்புக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் குறைவார்கள்.